வீரர்களுக்கு வீடு தேடிய விமானி லெனார்டு செஷையர்

1948-ம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் லிஸ் என்ற சிற்றூருக்கு அருகே லெ கோர்ட் என்ற பெரிய பங்களா ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரருக்கு வயது 30. கடன்காரர்களுக்குப் பணம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போது அவருக்கு ஒரு செய்தி வந்தது. ஆர்தர் டைக்ஸ் என்பவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவர் முன்பு விமானப்படையில் இருந்தவர். உடம்பு தேறும்வரை ஒரு கேரவன் வண்டியை நிறுத்திக்கொள்ள லெ கோர்ட் தோட்டத்தில் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று கேட்கிறார்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தார். டைக்ஸுக்குப் புற்றுநோய். உடம்பு தேறப்போவதில்லை. அந்த விஷயம் நோயாளிக்கே சொல்லப்படவில்லை. ஆஸ்பத்திரி இனி அவருக்குச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவரை அழைத்துப்போகவும் ஆள் இல்லை.

வீட்டுக்காரர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். பிறகு கேரவன் எதற்கு, வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று அழைத்தார். அவர்தான் லெனார்டு செஷையர். உலகின் 50 நாடுகளுக்குக் கிட்டத்தட்டப் பரவிய செஷையர் இல்லங்கள் இப்படித்தான் பிறந்தன. மும்பை அந்தேரியில் உள்ள இல்லமும் அவற்றில் ஒன்று.

பந்தயக்கார மாணவர்

லெனார்டு செஷையர் 1917 செப்டம்பர் 7-ந் தேதி செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஆக்ஸ்போர்டில் சட்டப் பேராசிரியர். அவர் எழுதிய புத்தகங்களைச் சட்ட மாணவர்கள் வெகுகாலம் படித்தார்கள். மகனுக்கோ படிப்பைவிட வேகமான கார்களில்தான் மோகம். கையில் சில்லறைக் காசுடன் கால்நடையாகவே பாரிஸ் போய்ச் சேர்வேன் என்று பந்தயம் கட்டி, போயும் காட்டினார். பந்தயப் பொருள் அரைக் குவளை பீர்!

பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றார். 1939-ல் போர் மூண்டதும் விமானப்படை அதிகாரியானார். அவருடைய தம்பி கிறிஸ்டோபரும் குண்டுவீச்சு விமானிதான். 1941-ல் அந்தத் தம்பி ஜெர்மனியரிடம் பிடிபட்டு, போர் முடியும்வரை கைதி முகாமில் இருந்தார்.

1940 நவம்பரில் செஷையர் ஓட்டிய விமானத்துக்குள்ளேயே குண்டு வெடித்து, உடம்புப் பகுதி கிழிந்து தீப்பற்றியது. அந்த விமானத்தை அவர் வீடு கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பதக்கம் கிடைத்தது. 25 வயதில் குரூப் காப்டன் பதவி வந்தது. அந்தப் பதவிக்கு அவ்வளவு இளவயதில் வேறு யாரும் அப்போது வந்ததில்லை. ஆனால் அது மேஜை உத்தியோகம். அவருக்குப் பிடிக்கவில்லை. மறுபடி பறக்க வேண்டும் என்பதற்காக ஒரு படி பதவி இறக்கத்தை ஏற்றுக்கொண்டு, 1943 நவம்பரில் 617-வது பிரிவின் தலைமையை வாங்கிக்கொண்டார். பதவி உயர்வுக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

1944 பிப்ரவரியில் பிரான்சில் லிமோஜ் நகரிலுள்ள விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தகர்க்க உத்தரவு வந்தது. தொழிற்சாலை ஜெர்மனியர் வசம் இருந்தாலும் உள்ளே இரவு வேலை பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள். செஷையர் குண்டு போடுவதற்கு முன் கூரையை உரசுவதுபோல மூன்று முறை தாழப் பறந்தார். தொழிலாளர்கள் வெளியே ஓடித் தப்ப அவகாசம் கொடுத்த பிறகே தாக்குதல் தொடங்கியது.

மொத்தம் 100 முறை எதிரியின் வானத்துக்குள் போய்த் திரும்பினார். ஒரு சுற்றுக்கு 30 முறை போய் வந்தால் போதும், ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அந்தக் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த 100-ன் அர்த்தம் புரியும். 1944 செப்டம்பரில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

பதக்கம் வாங்க அரண்மனைக்குப் போனபோது நடந்ததை நார்மன் ஜாக்சன் என்பவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜாக்சன் சார்ஜெண்ட் அந்தஸ்தில் இருந்த விமான எஞ்சின் பணியாளர். எரிகிற விமானத்தின் இறக்கைமீது ஊர்ந்துபோய்த் தீயை அணைக்க முயன்றவர். அன்று அவருக்கும் அதே பதக்கம். பெரிய அதிகாரி முன்னால் போவதுதான் முறை. செஷையரோ, இந்த மனிதர் என்னைவிடப் பெரிய ஆபத்தை எடுத்தவர், இவருக்கே முதலில் கொடுங்கள் என்று மன்னரிடம் கேட்டுக்கொண்டார். மன்னர் சம்பிரதாயத்தை மீறவில்லை. ஆனால் ஜாக்சன் அதை மறக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 9-ந் தேதி நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது, பிரிட்டனின் பார்வையாளராக ஒரு விமானத்திலிருந்து அதைப் பார்த்தவரும் இவரே. 1946 ஜனவரியில் விமானப்படையை விட்டு வெளியேறினார். டாக்டர்கள் நரம்புத் தளர்ச்சி என்றார்கள்.

தோற்றுப்போன காலனி

போர் முடிந்தது. லட்சக்கணக்கான வீரர்கள் சீருடையைக் கழற்றினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக விமானத்துக்குப் போன பையன்களுக்கு வேறு தொழில் தெரியாது. குண்டுவீச்சில் வீடுகள் அழிந்திருந்தன. கல்யாணமாகிக் குழந்தையோடு வாடகைக்கு ஓர் அறை தேடி அலைந்தவர்கள் ஏராளம். யுத்தத்தில் புருஷனை இழந்த பெண்களின் நிலைமை இன்னும் மோசம்.

செஷையர் அப்போது ஒரு ஞாயிறு பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒரு யோசனையைச் சொன்னார். படையில் ஒன்றாக இருந்தோம், வெளியிலும் ஒன்றாக இருப்போம். ஒரு பெரிய வீட்டை எடுத்து, குடும்பங்களாகச் சேர்ந்து வாழ்ந்து, விவசாயமோ கைத்தொழிலோ செய்து பிழைப்போம் என்பதுதான் அது. கடிதங்கள் குவிந்தன. முதலில் லெஸ்டர்ஷயரில் கம்லி ஹால் என்ற மாளிகையில் காலனி தொடங்கியது. சமாதானமாகப் போ என்று பொருள்படும் லத்தீன் சொற்களை அதற்குப் பெயராக வைத்தார். பிறகு உறவுக்காரப் பெண்மணி ஒருவரிடமிருந்து லெ கோர்ட் பங்களாவை வாங்கி, அங்கும் குடியேற்றினார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடத்துவது வேறு விஷயம். படையில் சாப்பாட்டுக் கணக்கை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. இங்கே யார் பார்ப்பது? வேலைப் பங்கீட்டில் தகராறு வந்தது. வரவைவிடச் செலவு மிஞ்சியது. நடுவில் செஷையரே உடம்பு சரியில்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கடன் மட்டும் வளர்ந்திருந்தது. 1947-ல் காலனியைக் கலைத்தார். நிலத்தையும் சாமான்களையும் விற்று முடிந்தவரை கடனை அடைத்தார்.

எதிரியின் பீரங்கிகள் தோற்கடிக்க முடியாத மனிதரைச் சமையலறைப் பற்றுவரவு தோற்கடித்துவிட்டது. விற்றது போக மிஞ்சியது அந்தப் பங்களாதான். டைக்ஸ் வந்து சேர்ந்தது அந்த வீட்டுக்கு.

இருவர் மட்டும் இருந்த வீடு

பணியாள் இல்லை. நர்ஸ் இல்லை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பை மாற்றுவது, கஞ்சி வைத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் செஷையரே செய்தார். தெரியாததை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். இரவில் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த வீட்டை இப்படிப்பட்டவர்களுக்கான இல்லமாகவே நடத்தலாமே என்ற எண்ணம் அந்தப் பேச்சில் உருவானது. ஆகஸ்டில் டைக்ஸ் இறந்தார். அதற்குள் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்த ஒரு மூதாட்டியும் வந்து சேர்ந்துவிட்டார்.

டைக்ஸ் வைத்துவிட்டுப் போன ஒரு மதப் புத்தகத்தை அன்றிரவு செஷையர் படித்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கத்தோலிக்கரானார்.

அதே 1948 ஜூலை 5-ந் தேதிதான் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்ற அரசாங்கத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கைகள், குணமாகக் கூடியவர்களுக்கே போதவில்லை. குணமாகாதவர்கள் எங்கே போவது? அந்தக் கேள்வியோடு ஒவ்வொருவராக லெ கோர்ட் வாசலுக்கு வந்தார்கள். அவர்களில் பழைய படைவீரர்களும் உண்டு, படையையே பார்த்திராதவர்களும் உண்டு. செஷையர் பேதம் பார்க்கவில்லை. 1949 கோடையில் 24 பேர் இருந்தார்கள்.

பணத்துக்கு என்ன வழி? அவர் வழி தலைகீழானது. முதலில் நிதி திரட்டிப் பிறகு வீடு கட்டுவது உலக வழக்கம். இவர் முதலில் ஆளைச் சேர்த்துக்கொள்வார், பிறகு ஊர்க்காரர்களிடம் போய் நிற்பார். ஒருவர் உருளைக்கிழங்கு மூட்டை கொடுப்பார், ஒருவர் பழைய கட்டில் கொடுப்பார், ஒரு பெண்மணி வாரத்தில் இரண்டு நாள் வந்து துணி துவைத்துக் கொடுப்பார். பழைய காலனியில் எல்லாப் பாரமும் செஷையர் ஒருவர் தலையில் இருந்தது. இந்த முறை அது ஊரின் தலைக்கு மாறியது. ஒவ்வொரு இல்லத்துக்கும் உள்ளூர்க் கமிட்டி. அதுவே பணம் திரட்டும், அதுவே கணக்குப் பார்க்கும். தோற்ற காலனி கற்றுக்கொடுத்த பாடம் இது. நம்மவர் வெளியூரில் சங்கம் வைத்து, மாதச் சந்தா பிரித்து, இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புகிற ஏற்பாட்டுக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

இரண்டாவது இல்லம் கார்ன்வால் கடற்கரையில், போருக்குப் பின் கைவிடப்பட்ட விமான நிலையக் கட்டடத்தில் தொடங்கியது. போர்க்காலத்தில் விமானிகள் இருந்த இடத்தில் நோயாளிகளின் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன.

1952-ல் அவருக்கே காசநோய் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சானடோரியத்தில் கிடந்தார். பல ஆபரேஷன்கள் நடந்தன. ஆச்சரியம் என்னவென்றால், அவர் படுத்திருந்தபோதும் இல்லங்கள் நிற்கவில்லை, பெருகின. கமிட்டிகள் தாமே நடத்திக்கொண்டிருந்தன.

அந்தேரிக்கு வந்தார்

உடம்பு தேறியதும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1956-ல் அன்றைய பம்பாயில், அந்தேரி மகாகாளி குகைப் பக்கம், பெத்லகேம் இல்லம் தொடங்கியது. பிரிட்டனுக்கு வெளியே அவர் தொடங்கிய முதல் இல்லம் அதுதான். இன்று கட்டடமும் நெரிசலுமாக இருக்கும் அந்தப் பகுதி அப்போது ஊருக்கு வெளியே இருந்தது. பிறகு ஜாம்ஷெட்பூர், வங்காளத்தில் செராம்பூர், பெங்களூர் என்று பரவியது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அன்பு நிலையம் என்ற தமிழ்ப் பெயரிலேயே ஓர் இல்லம் வந்தது. இங்கும் அதே முறைதான். வெள்ளைக்காரர் பணம் அனுப்புவார் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளூர் வியாபாரியும் டாக்டரும் ஓய்வுபெற்ற அதிகாரியும் கமிட்டியில் உட்கார்ந்து நடத்த வேண்டும்.

போரில் அகதியானவர்களுக்கும் முகாம் கைதிகளுக்கும் சேவை செய்துவந்த சூ ரைடர் என்ற பெண்மணியை, 1959 ஏப்ரல் 5-ந் தேதி பம்பாய் கத்தோலிக்கப் பேராலயத்தில் மணந்தார். போர்க்காலத்தில் ஓர் அமெரிக்க நடிகையுடன் நடந்த முதல் மணம் முறிந்திருந்தது. அதே ஆண்டில் தம்பதிகள் டேராடூனில் ராபேல் என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். தொழுநோயிலிருந்து மீண்டும் ஊரால் ஒதுக்கப்பட்டவர்களும், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அங்கே இடம் பெற்றார்கள்.

குறையும் உண்டு

எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. லெ கோர்ட்டில் வசித்தவர்களே 1960-களில் கேள்வி கேட்டார்கள். எத்தனை மணிக்குப் படுப்பது, எங்கே போய் வருவது என்பதை எங்களுக்காக நிர்வாகம் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அங்கே சக்கர நாற்காலியில் வாழ்ந்த பால் ஹண்ட் என்பவர் 1972-ல் கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய கடிதம், பிரிட்டனில் ஊனமுற்றோர் உரிமை இயக்கத்துக்கே ஒரு தொடக்கமானது. தர்மம் பெறுகிறவருக்கும் ஒரு சொல் உண்டு என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். முதல் இல்லமான லெ கோர்ட் 2007-ல் மூடப்பட்டது.

1989-ல், 70 வயதைத் தாண்டிய பிறகு, செஷையர் ஒரு பெரிய கணக்குப் போட்டார். 20-ம் நூற்றாண்டின் போர்களில் இறந்த ஒவ்வொரு உயிருக்கும் 5 பவுண்டு வீதம் நிதி திரட்ட வேண்டும். அந்த மூலதனத்திலிருந்து உலகில் எங்கே பேரிடர் வந்தாலும் உதவ வேண்டும். இலக்கு 50 கோடி பவுண்டு. அதற்காக 1990 ஜூலை 21-ந் தேதி பெர்லினில், இடிக்கப்பட்ட சுவர் நின்ற இடத்தில், ரோஜர் வாட்டர்ஸ் என்ற பாடகர் மாபெரும் இசை நிகழ்ச்சி நடத்தினார். அந்தப் பாடகர் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் தந்தை 1944-ல் இத்தாலிப் போர்முனையில் மாண்டவர். செஷையர் விசில் ஊதி நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்தார். கூட்டம் லட்சக்கணக்கில் வந்தது. நிகழ்ச்சிச் செலவும் அதற்கேற்ப இருந்தது. நிதி இலக்கில் ஒரு சிறு பங்குகூடத் தேறவில்லை. ஊர்க்காரர் கொடுத்த உருளைக்கிழங்கு மூட்டையில் வளர்ந்தவருக்கு உலக மேடை கைகொடுக்கவில்லை.

1991-ல் அவரைப் பிரபுவாக்கினார்கள். அதற்குள் உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய் அவரைப் பிடித்துவிட்டது. அவருடைய இல்லங்களில் அதே நோயோடு எத்தனையோ பேர் இருந்தார்கள். டைக்ஸுக்கு அவர் செய்த பணிவிடைகளை இப்போது மற்றவர்கள் அவருக்குச் செய்தார்கள். 1992 ஜூலை 31-ந் தேதி, சஃபோக்கில் கேவண்டிஷ் என்ற ஊரில், 74-வது வயதில் காலமானார். அப்போது செஷையர் இல்லங்கள் 250-க்கு மேல் இருந்தன.