எழுத்தை ஓவியமாக்கியவர்: கே.சி.எஸ். பணிக்கர்

ஒரு மண்ணின் அடையாளத்தைக் கலையில் எங்கே தேடுவது? பழங்கதைகளிலா, கோயிற் சிற்பங்களிலா, வயலில் உழைக்கும் மனிதரிடத்திலா? கவிஞரையும் ஓவியரையும் ஒருங்கே அலைக்கழிக்கும் இவ்வினாவுடன் வாழ்நாள் முழுதும் போராடியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில், கேரள மரபுவழிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே நீர்வண்ண நிலக்காட்சிகளில் தேர்ந்தார். தென்னஞ்சோலைகளும் காயல்களும் அவருடைய தூரிகைக்கு உவந்த பொருள்களாயின. அலுவல் வாழ்வைத் துறந்து 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் முதல்வர். கற்ற இடத்திலேயே பணிக்கர் பின்னர் ஆசிரியரானார். 1957 முதல் 1967 வரை முதல்வராகவும் விளங்கினார்.

1944இல் அவர் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். தென்னகத்து ஓவியர்கள் தம் படைப்புகளைத் தாமே திரட்டித் தாமே காட்சிக்கு வைக்க அச்சங்கம் களம் அமைத்தது. தம்மைப் பற்றிப் பிறர் சொல்லக் காத்திராமல் தாமே முன்வந்து நிற்பது என்னும் துணிவு அதன் அடிப்படை.

1954இல் அவர் ஐரோப்பா சென்றார். இலண்டனிலும் பிரான்சிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. மேலைநாட்டு நவீன ஓவியங்களை நேரிற் கண்டபின், தமது ஓவியத்தில் தமக்கே உரியது எது என்னும் கேள்வி அவருள் கூர்மையடைந்தது. அக்கேள்வியின் கனியாக, 1963 அளவில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை பிறந்தது. மலையாள எழுத்துகளை ஒத்த வரிகள், சாதகக் கட்டங்கள், எண்கள், அட்டவணைகள், உயிரினங்களின் உருவங்கள் ஆகியன அத்திரைகளை நிறைத்தன. அவ்வரிகளைப் படிக்க முயல்வோர்க்குப் பொருள் கிட்டாது. எழுத்தின் வடிவமே அங்குப் பேசும்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. சாதகம் கணிப்பவருக்கு அக்கட்டம் ஓர் உயிரின் வாழ்க்கைக் கணக்கு. காட்சிக்கூடத்திற்கு வருபவருக்கோ அழகிய கோடுகளின் கூட்டம். பொருளிழந்த மரபு வெறும் ஒப்பனையாகிவிடாதா? இந்த ஐயத்தைத் திரையில் மட்டும் தீர்த்துவிட இயலாது. பணிக்கர் வாழ்விலும் அதற்கு விடை தேடினார்.

கலைப் பள்ளியில் தேறி வெளிவந்த இளைஞர் பலர் பிழைப்புக்காக ஓவியத்தைக் கைவிட நேர்ந்தது. எனவே ஓவியர்கள் ஒன்றுகூடிப் பாத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அப்பணத்தைக் கொண்டு 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணல்வெளியில், ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. சுல்தான் அலி, ஜானகிராம், வாசுதேவ் முதலியோர் அங்கே வாழ்ந்து படைத்தனர். உலகியலில் ஒட்டாத தனியராகிய கே. ராமானுஜத்துக்கும் அக்கிராமம் இடமளித்தது. 1973இல் அவர் இளமையிலேயே மறைந்தார். கைவினையைத் தாழ்வென எண்ணாத அந்தக் கூட்டு வாழ்வே பணிக்கரின் பெரும்படைப்பு எனலாம்.

அவருடைய மாணவராகிய ஆதிமூலம் தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்தார். அவ்வகையில் அக்கலைப் பள்ளியின் கோடு தமிழ்க் கவிதையின் பக்கங்களுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

1977 சனவரியில் பணிக்கர் மறைந்தார். அவருடைய ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரத்தில் ஒரு காட்சிக்கூடம் 1979இல் அமைந்தது. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் காட்டும் அருங்காட்சியகம் சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பெற்றது.

சேர்வராயன் மலையில், செம்மநத்தம் போன்ற ஊர்களைப் பாடவிரும்பும் கவிஞருக்கும் அவர் வாழ்வு ஒரு செய்தி தருகிறது. காப்பிச் செடியையும் மலைமுகட்டு மேகத்தையும் பாட்டில் வைத்தவுடன் ஊர் பாட்டுக்குள் வந்துவிடுவதில்லை. அங்கு வாழ்பவர் தம்மைத் தாமே எடுத்துரைக்க ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தைக் கட்டுவதும் கலைஞரின் கடமையே என்பதைப் பணிக்கர் தம் வாழ்வால் உணர்த்திச் சென்றார்.