உளநூற் பேராசிரியை மேரி கால்கின்ஸ்

பட்டப்படிப்பு மாணவர் உளநூலை ஏட்டில் மட்டுமன்றி ஆய்கூடத்திலும் பயிலவேண்டுமெனத் துணிந்தோருள் மேரி கால்கின்ஸ் அம்மையார் ஒருவர். 1863இல் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த அவர், வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியிற் கிரேக்கமொழி கற்பித்துவந்தார். உளநூல் கற்பிக்கும் பொறுப்பு வந்தமையால், முதலில் தாமே அதனைக் கற்கவேண்டியவரானார். மொழியாசிரியராகிய எமக்கு இச்செய்தி தனிச்சுவை தருவது.

ஹாவாட் பல்கலைக்கழகம் அந்நாளிற் பெண்களை மாணவராக ஏற்பதில்லை. 1890இல் விருந்தினராக வகுப்பில் அமர மட்டும் இசைந்தது. ஏனையோர் விலகிவிடவே, பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸும் அவருமாக இருவரே கணப்படுப்பின் இருமருங்கும் அமர்ந்து பாடம் நிகழ்த்தினர். எத்துணைப் பேறு!

1891இல் வெல்ஸ்லியில் ஆய்கூடம் அமைத்து, இளமாணி மாணவியரை ஆட்டுமூளையை அறுத்து ஆராயவும் புலனுணர்வுகளைச் சோதிக்கவும் பழக்கினார். பின்னர் ஹாவாட்டில் நினைவாற்றலை ஆராய்ந்தார். நிறத்தையும் எண்ணையும் இணைத்துக் காட்டி, பின் நிறத்தை மட்டுங் காட்டி எண்ணைக் கூறச்செய்யும் முறை அவர் வகுத்ததே.

1895இற் பரீட்சகர் யாவரும் தகுதியுடையர் எனக் கண்டும், பெண் என்னுங் காரணத்தால் அப்பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது. 1902இல் மகளிர்க்குரிய ராட்கிளிப் கல்லூரியின் பட்டம் தரப்பட்டபோது அவர் ஏற்கவில்லை. கற்றது ஓரிடம், பட்டம் பெறுவது வேறிடமா? அவர் மறுத்தது முறையே என்பது எம் கருத்து. 1905இல் அமெரிக்க உளநூற் சங்கத்தின் முதற் பெண் தலைவரானார். 1929வரை வெல்ஸ்லியிற் பணியாற்றி, 1930இல் மறைந்தார். ஹாவாட் அப்பட்டத்தை அவருக்கு வழங்கவேயில்லை.