மரமின்றி இரப்பர் கண்ட கரோதர்ஸ்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியோரின் உழைப்பால் வளர்ந்தவர்கள் நாம். மரமின்றியே இரப்பர் செய்ய வழி கண்டோருள் ஒருவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் வாலஸ் கரோதர்ஸ்.

1896-இல் பிறந்த அவர், 1928-இல் டூபான்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். இரப்பரும் பட்டும் சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் நீண்டு கோத்தவை என அறிந்து, அவ்வாறே கோத்துப் பார்த்தார். 1930-இல் அவர் குழுவினர் நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பரைக் கண்டனர். இயற்கை இரப்பர் எண்ணெயில் ஊறிக் கெடும். நியோப்ரீனோ அதை நன்கு தாங்கும். 1935-இல் பட்டுக்கு மாற்றாக நைலானும் பிறந்தது. மனச்சோர்வால் வாடிய அவர், அது கடைக்கு வருமுன்பே, 1937-இல் தம் 41-ஆம் வயதில் மறைந்தார்.

பிற்காலத்தில் பெருகிய செயற்கை இரப்பர் வகைகள் நம் மரப்பாலுக்குப் போட்டியாயின. எனினும், விமானச் சக்கரங்களுக்கு இன்றும் இயற்கை இரப்பர் தேவைப்படுகிறது. இயற்கையை உற்று நோக்கியவரே அதற்கு மாற்றும் படைத்தார். நாமும் நம் தோட்டத்து மரங்களை உற்று நோக்கிக் கற்போமாக!