தலைப்பாகை கட்டிய அய்யன்காளி

கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளை கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால், படிக்கப் போகிற இடத்துக்கு இத்தனை ஜோடிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். எந்தச் சட்டை எனக்கு எடுக்கும், எந்த நிறம் பொருந்தும் என்று யோசிப்பது வீண் ஆடம்பரமாகத் தெரியலாம். ஆனால் நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் அப்படி யோசிக்கும் உரிமையே நமக்கு இருந்ததில்லை. நாம் என்ன உடுத்த வேண்டும், எந்த அளவு வரை உடுத்த வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்தது. ஊர் போட்ட அந்த அளவை மீறித் தனக்குப் பிடித்ததை உடுத்தி நடுரோட்டில் போனவர் அய்யன்காளி.

1863 ஆகஸ்ட் 28 அன்று, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் விழிஞ்சம் கடற்கரைக்கு அருகிலுள்ள வெங்கானூரில் அவர் பிறந்தார். அப்பா அய்யன், அம்மா மாலா. புலையர் சமூகம். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதாவது, அவர் பிறப்பதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன்புவரை அவருடைய சமூகத்து மக்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். காகிதத்தில் விடுதலை வந்த பிறகும் வயலில் எதுவும் மாறவில்லை. பொதுச்சாலையில் நடக்கக் கூடாது. சந்தைக்குள் நுழையக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகக் கூடாது.

உடைக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஆண்கள் இடுப்பில் முழங்காலுக்கு மேலே நிற்கும் முரட்டுத் துண்டு மட்டும் கட்டலாம். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை எல்லாம் மேல்சாதியாருக்கு உரியவை. பெண்கள் மாராப்பு போடக் கூடாது. அதற்குப் பதிலாகக் கழுத்திலிருந்து மார்பு வரை கல்லும் பாசியும் கோத்த மாலைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட வேண்டும். கல்லுமாலை என்று அதற்குப் பெயர். பார்ப்பவருக்கு அது நகை போலத் தெரியும். போட்டிருப்பவள் யார், எந்தச் சாதி என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது.

நம் கன்னியாகுமரி மாவட்டமும் அன்று அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை மன்னர் அறிவித்தார். அப்போதும்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வயலில் கிடந்த புலையர் பெண்களுக்கோ கல்லுமாலையே தொடர்ந்தது.

அய்யன்காளி பள்ளிக்கூடம் போனவரல்ல. எழுதப் படிக்கத் தெரியாது. வயலில் வேலை செய்தார். ஊர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு சண்டைப் பயிற்சி எடுத்தார். நல்ல உயரம், கட்டான உடம்பு. கூட்டாளிகள் அவரை மூத்தபிள்ளை என்று மரியாதையாக அழைத்தார்கள்.

1893-ல், முப்பது வயதில், ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகள் பூட்டி, கழுத்தில் மணி கட்டினார். வண்டியில் ஏறும் முன் அவர் செய்த காரியத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வெளுத்த வேட்டியைக் கணுக்கால் வரை கட்டினார். தோளில் மேல்துண்டு போட்டார். தலையில் வெள்ளைத் தலைப்பாகை கட்டினார். அவருக்கு விலக்கப்பட்டவை எவையோ அவை அத்தனையும் ஒரே நேரத்தில் அவர் உடம்பில் இருந்தன. அந்தக் கோலத்தில் பொதுச்சாலையில் வண்டியை ஓட்டினார். வழிமறித்தவர்களைப் பார்த்து அவர் பின்வாங்கவில்லை. வண்டி திரும்பாமல் போனது.

அதற்குப் பிறகு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கால்நடையாகச் சந்தைக்குப் போகும் போராட்டத்தைத் தொடங்கினார். நெசவுக்குப் பேர்போன பாலராமபுரத்தில் அவர்களைத் தடுத்துத் தாக்கினார்கள். இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியது. ஆனால் சாலையில் நடக்கும் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது.

1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்யவைத்தார். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளியில் உட்காரவைத்தார். அந்தப் பள்ளியையே தீவைத்துக் கொளுத்தினார்கள். அப்போதும் அவர் விடவில்லை.

1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நிலம், பள்ளி, வேலை என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் அவருடைய படத்தில் தலைப்பாகையும் கோட்டுமாக இருக்கிறார். முப்பது வயதில் கட்டிய தலைப்பாகையை அவர் கைவிடவில்லை. மற்றவர்களைப் பார்த்துக் கோட்டைச் சேர்த்துக்கொண்டார். தலைப்பாகையைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டார். எதை எடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்தார்.

ஆனால் ஒரு ஆண் தலைப்பாகை கட்டியதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் அது பாதிக் கதைதான். மீதியை எழுதியவர்கள் பெண்கள்.

கல்லுமாலையைக் கழற்றி எறியுங்கள், ரவிக்கை போடுங்கள் என்று அய்யன்காளி ஊர் ஊராகச் சொல்லிவந்தார். தெற்குத் திருவிதாங்கூரில் பல பெண்கள் கழற்றினார்கள். 1915 அக்டோபரில் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் இதற்காகக் கூட்டம் நடந்தபோது ஆதிக்க சாதியார் புகுந்து தாக்கினார்கள். கலவரம் பரவியது. குடிசைகள் எரிந்தன. குடும்பம் குடும்பமாக மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஒரு ரவிக்கைக்காக வீட்டை இழந்தவர்கள் அவர்கள்.

அய்யன்காளி கொல்லம் போனார். அதே ஆண்டு டிசம்பரில் கொல்லம் மைதானத்தில், ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூட்டம் கூட்டினார். சங்கனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை வகித்தார். எந்த ஊரில் மாலையைக் கழற்றியதற்காக அடித்தார்களோ, அந்த ஊர்ப் பெண்களே மேடைக்கு வந்தார்கள். அய்யன்காளி கேட்டுக்கொண்டதும், வயலுக்குக் கொண்டுபோகும் கதிர் அரிவாளால் கழுத்து மாலையை அறுத்துப் போட்டார்கள். முதலில் இரண்டு பேர். பிறகு கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும். மேடையில் கல்லும் பாசியும் குவியலாகச் சேர்ந்தது. எதை அணிவது என்று முடிவு செய்யும் முன், எதை அணிய மாட்டோம் என்று அந்தப் பெண்கள் முடிவு செய்தார்கள்.

1937 ஜனவரியில் காந்தி வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். தன் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்பதே அப்போது அவர் சொன்ன ஆசை. 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார். 1980-ல் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவருடைய சிலையை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்தார். சிலையின் தலையிலும் தலைப்பாகை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் மாணவர்கள் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இது கேரளத்துக் கதை என்று ஒதுக்க முடியாது. 1930, 31 ஆண்டுகளில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியார் ஒரு தடைப் பட்டியலே போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறிய வீடுகள் தாக்கப்பட்டன. இன்று தொண்ணூறு வயதைத் தாண்டிய நம் பாட்டிகள் பிறந்த காலம் அது.

இப்போதும் சில ஊர்களில் ஆதிக்க சாதித் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. புதுச்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பைக்கில் போன இளைஞனை முறைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதையும், புத்தாடை உடுத்துவதையும், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். அப்படி யாராவது தடுத்தால் காவல் நிலையத்தில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம்.

விலை உயர்ந்த துணி வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அய்யன்காளி கட்டியது வெளுத்த வேட்டிதான். சுத்தமாகத் துவைத்து, நேராகக் கட்டி, தலை நிமிர்ந்து போனார். நாளைக் காலையில் உங்கள் பிள்ளை கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றால் திட்டாதீர்கள். அந்த நேரத்தை அரிவாளால் அறுத்து வாங்கித் தந்தவர்கள் இருக்கிறார்கள்.