எலெனர் ஆர்மராட் அம்மையார்

அரசர், படைத்தலைவர், புலவர் ஆகியோரின் சரிதங்களை நாம் சிறுவயது முதற்கொண்டே படித்து வருகின்றோம். புழுவோடும் ஈயோடும் வண்டோடும் போர்புரிந்தோரின் சரிதத்தை எவரும் நமக்குப் பாடமாக வைத்திலர். ஆயினும் உண்ணும் சோற்றில் ஒரு பங்கைப் பூச்சிகள் நமக்கு முன்னரே உண்டு முடிக்கின்றன என்பதை எந்த உழவரைக் கேட்பினும் சொல்லுவர். இங்கிலாந்து தேசத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பகைவருக்கு எதிராக ஏறத்தாழத் தனியொருவராய் நின்று உழைத்தவர் எலெனர் ஆர்மராட் என்னும் மாது. அவர் எந்தக் கலாசாலையிலும் பயின்றவரல்லர். பரீட்சை எழுதித் தேறியவரும் அல்லர். ஒரு சர்வகலாசாலை அவரை அழைத்துப் பட்டம் சூட்டியபோது அவருக்கு வயது எழுபத்தொன்று முடியவிருந்தது. நம் மாணவ நண்பர்கள் இதனை மனத்திற்கொண்டு மேலே படிப்பாராக.

அம்மையார் 1828-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் குளஸ்டர் நாட்டில், வை, செவர்ன் என்னும் இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட செட்பரி என்னும் பண்ணையில் பிறந்தார். தந்தையாராகிய ஜார்ஜ் ஆர்மராட் செஷயர் நாட்டின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர். மக்கள் பதின்மர், அவருள் எலெனரே கடைக்குட்டி. தமையன்மார் பள்ளிகளுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் போயினர். பெண்மக்களோ தாயாரிடம் வீட்டிலேயே படித்தனர். அக்காலத்து வழக்கம் அது. சிறுமியாயிருந்தபோது ஒருநாள் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் விட்டிருந்த சில பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு அசையாது அமர்ந்திருக்கும்படி பெரியோர் அவரைப் பணித்துச் சென்றனராம். காயமுற்ற ஒரு பூச்சியை மற்றவை கூடித் தின்றதைக் குழந்தை கண்டது. பெரியோரிடம் அதனைச் சொன்னபோது அவர்கள் எளிதில் நம்பவில்லை. தாம் கண்டதைக் கண்டபடியே சொல்லும் வழக்கமும், கேட்போர் நம்பாதொழியும் அனுபவமும் அவருக்கு ஒரே நாளில் தொடங்கின எனலாம்.

1852-ஆம் ஆண்டில் அப்பக்கத்தில் ஓர் அரிய வெட்டுக்கிளி அகப்பட்டது. அதன் பெயரை அறியவேண்டி எழுந்த ஆவலே அம்மையாரைப் பூச்சியாராய்ச்சியில் இழுத்துவிட்டது. வண்டினங்களைப் பற்றிய ஒரு நூலை வாங்கி, ஒவ்வொரு வண்டாகப் பிடித்து, கால் வேறு, வாய் வேறு, இறகு வேறாகப் பிரித்து, நூலில் கண்ட வருணனையோடு ஒப்பிட்டுத் தமக்குத்தாமே ஆசானானார். ஆயினும் பல ஆண்டுகளாக இவ்வறிவு வீட்டெல்லைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1868-இல் அரசாங்கத் தோட்டக்கலைச் சங்கத்தார் பயிருக்கு நன்மையோ தீமையோ செய்யும் பூச்சிகளைத் திரட்ட விரும்பினர். அம்மையார் தந்தையாரின் பண்ணையாட்களையே துணைகொண்டு பூச்சிகளையும் அவை கடித்த இலை, வேர், மரக்கட்டை முதலியவற்றையும் சேர்த்தனுப்பினார். கூலியாளின் கண்ணுக்குத் தெரிந்தது பண்டிதரின் புத்தகத்தில் இல்லாமல் இருக்கக்கூடும் என்பதை அவர் அறிந்துகொண்டது அப்பொழுதே.

தந்தையார் 1873-இல் காலஞ்சென்றார். அதன் பின்னரே, நாற்பத்தைந்து வயதில், அம்மையார் தம் வாழ்வுக்குத் தாமே தலைவியானார். உடன்பிறந்தாளாகிய ஜியார்ஜியானாவும் அவரும் மணம் செய்யாது ஒன்றாக வாழ்ந்தனர். தங்கை எழுதுவார், தமக்கை படம் வரைவார். லண்டனை அடுத்த ஐல்ஸ்வொர்த்தில் குடியிருந்த காலத்தில் அம்மையார் நாள்தோறும் தட்பவெப்பக் கருவிகளையும் பார்த்துக் குறித்து வந்தார். அரசாங்க வானிலைச் சங்கம் 1878-இல் தன் அங்கத்தினராக ஏற்ற முதற் பெண்மணி இவரே.

1877-ஆம் ஆண்டில் சில பக்கங்களே கொண்ட ஒரு சிறு பிரசுரத்தை அச்சிட்டுப் பல ஊர்களுக்கும் அனுப்பினார். அதில் உபதேசம் மிகுதியாக இல்லை, வினாக்களே இருந்தன. உங்கள் வயலில் எந்தப் பூச்சி எந்த நாளில் தோன்றிற்று, எதனைத் தின்றது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் பயன் விளைந்ததா என்பன அவை. உழவர், தோட்டக்காரர், வேட்டைக்காவலர், பாதிரிமார் எனப் பலரும் விடையெழுதினர். அவ்விடைகளைத் தொகுத்து, எழுதியவர் சொல்லை மாற்றாது, தம் கருத்தையும் சேர்த்து ஆண்டறிக்கையாகத் தம் கைப்பொருளிலேயே வெளியிட்டார். இவ்வாறு வெளிவந்த அறிக்கைகள் இருபத்துநான்கு. பெட்டிகளிலும் புட்டிகளிலும் உயிரோடும் உயிரின்றியும் பூச்சிகள் தபாலில் வந்து குவிந்தன. கடிதங்கள் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டன. ஒவ்வொன்றுக்கும் விடை போயிற்று. 1882 முதல் 1892 வரை அரசாங்க வேளாண்மைச் சங்கத்துக்குப் பூச்சியாலோசகராக இருந்தபோதும் அவர் ஊதியம் பெற்றிலர். 1882-இல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் நேர்ந்த ஒரு விபத்தினால் கால் ஊனமுற்றும் வேலை நிற்கவில்லை. 1886-இல் கோதுமை, பார்லித் தாளைக் கெடுக்கும் ஹெஸ்ஸியன் ஈ இங்கிலாந்தில் முதன்முதலாகக் காணப்பட்டபோது, நாடெங்கும் எழுந்த திகிலைத் தணித்து வழிசொன்னவரும் இவரே.

இவற்றையெல்லாம் விரைந்து கடந்து, அம்மையார் ஆண்டுக்கணக்காக மல்லாடிய வார்பிள் ஈயின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். இவ்வீ தேனீயைப் போன்று உடலெங்கும் மயிர் அடர்ந்தது. வேனிற்காலத்தில் இதன் ஒலி கேட்டவுடன் மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டு மந்தை வாலைத் தூக்கிக்கொண்டு வெறிபிடித்தாற்போல் ஓடும். சினைமாடு கரு அழியும். கறவைமாடு பால் குறையும். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் மாட்டின் முதுகில் கொப்புளங்கள் எழும். ஒவ்வொரு கொப்புளத்தினுள்ளும் ஒரு புழு தலைகீழாக இருந்து சீழை உண்டு வளரும். தோலில் ஒரு சிறு துளை செய்து, அதில் தன் வாற்பக்கத்தை வைத்து, அவ்வழியே மூச்சுவிடும். முற்றியபின் அத்துளை வழியே வெளிவந்து நிலத்தில் விழுந்து கூடாகி மீண்டும் ஈயாகும். உரித்த தோலோ சல்லடைக்கண்ணாகத் துளைபட்டிருக்கும். அதனடியில் உள்ள இறைச்சியும் கெட்டு விலைபோகாது.

பன்னெடுங்காலமாக உழவர் இதனைப் பொருட்படுத்தவில்லை. முதுகில் கொப்புளம் எழுவது கொழுத்த மாட்டுக்கு அடையாளம் என்று மகிழ்ந்தவரும் உண்டு! அம்மையார் தோல் வணிகரையும் பதனிடுவோரையும் கசாப்புக்காரரையும் கேட்டு நஷ்டக் கணக்கைத் திரட்டினார். உயர்குலத்து மாதொருவர் இறைச்சிக்கடைக்காரரோடு புழுவைப் பற்றிக் கடிதப் போக்குவரவு செய்தலை அக்காலத்தவர் எவ்வாறு கருதியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மருந்தோ மிக எளியது. புழுவை விரலால் பிதுக்கி எடுத்து நசுக்குக; அன்றேல் மசகுபோன்ற பூச்சினால் துளையை அடைத்து அதன் மூச்சை நிறுத்துக. இவ்வளவே. இதனைச் சிறு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளை இலவசமாக வழங்கினார்.

இதனை நன்றாகக் கைக்கொண்டவர் முதியோர் அல்லர், பள்ளிச் சிறுவரே. செஷயர் நாட்டுப் பன்பரியில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் தம் மாணாக்கருக்கு இப்பிரசுரத்தையே பாடமாக்கினார். அவர்கள் தத்தம் வீட்டு மாடுகளின் முதுகைத் தடவிப் பார்த்து, ஆயிரக்கணக்கான புழுக்களைப் பிதுக்கிக் கொன்று கணக்கு எழுதினர். அம்மையார் அக்கணக்கைத் தம் அறிக்கையில் பெருமையோடு வெளியிட்டார். மாணவர் தொண்டு என்று நாம் கூட்டங்களில் பேசுகின்ற பலவற்றினும் இஃது உறுதியான தொண்டென்றே நமக்குத் தோன்றுகின்றது.

இங்கே ஒன்று சொல்லாது விடலாகாது. ஈ மாட்டின் முதுகிலேயே முட்டையிடுகிறது என்றும், குஞ்சுப்புழு நேரே முதுகுத்தோலைத் துளைத்து உட்புகுகின்றது என்றும் அம்மையார் நம்பினார். அது தவறு. முட்டை பெரும்பாலும் கால்மயிரிலும் உடலின் கீழ்ப்புறத்திலும் இடப்படுகின்றது. புழு அங்கே தோலுட்புகுந்து, உணவுக்குழலை அடுத்தோ முதுகெலும்பை அடுத்தோ பல மாதம் ஊர்ந்து, பின்னரே முதுகை அடைகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆராய்ச்சியாளரே இதனைத் தெளிவாக்கினர். வழி பிழையாயினும், அவர் புழுவைப் பிடித்த இடம் பிழையன்று. வெளிவருமுன் முதுகில் கொல்லப்பட்ட புழு ஈயாவதில்லை. 1936-ஆம் ஆண்டில் மாட்டின் முதுகுக்கு மருந்திடுதலைப் பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. 1978-இல் உடலினுட் பரவும் புதிய மருந்துகளோடு தொடங்கிய முயற்சி 1990-ஆம் ஆண்டளவில் அவ்வீயை அந்நாட்டினின்று ஒழித்தது.

பச்சைப் பாஷாணத்தின் கதை இவ்வளவு மகிழ்ச்சி தருவதன்று. பழத்தோட்டங்களில் குளிர்கால அந்து என்னும் பூச்சியின் பெட்டைக்குப் பறக்கத்தக்க இறகு இல்லை. இலையுதிர்காலத்தின் முடிவில் அது அடிமரத்தின் வழியே ஏறி முட்டையிடும். வசந்தத்தில் புழுக்கள் தளிரையும் பூவையும் மொட்டையடித்துவிடும். அடிமரத்தில் மசகு தடவிப் பார்த்தும் முற்றும் தடுக்க இயலவில்லை. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டைக் கொல்லப் ‘பாரிஸ் பச்சை’ என்னும் செம்பும் பாஷாணமும் கலந்த நிறப்பொடியை நீரில் கரைத்துத் தெளித்து வந்தனர். கானடா தேசத்துப் பூச்சி நிபுணர் ஜேம்ஸ் பிளெச்சர் முதலியோரின் ஆலோசனையைப் பெற்று, அம்மையார் 1890-ஆம் ஆண்டையொட்டி இதனை ஆங்கிலப் பழத்தோட்டங்களில் புகுத்தினார். தோட்டக்காரர் அஞ்சினர், உண்ணும் பழத்தின் மீது நஞ்சா என்றனர். ஈவ்ஷம் என்னும் ஊரில் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. மரங்கள் தப்பின, கனிகள் காய்த்தன. தெளித்த மரத்தடியில் கால்நடை மேயலாகாது என்று அம்மையார் எச்சரிக்கத் தவறவில்லை. பாரிஸ் பச்சையை இங்கிலாந்தில் புகுத்தியவர் என்பதே தம் நினைவாக எழுதப்படவேண்டிய சொல் என்று அவர் கருதியதாகவும் அறிகின்றோம்.

அந்நினைவைத் தேர்ந்தெடுத்ததில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. பாரிஸ் பச்சைக்குப் பின் ஈயமும் பாஷாணமும் கலந்த மருந்து வந்தது. இவ்வகை மருந்துகள் பல்லாண்டு தெளிக்கப்பட்ட பழைய தோட்டங்களின் மண்ணில் அந்நஞ்சு இன்றும் நீங்காது தங்கியுள்ளது. பாஷாணம் புழுவைப்போல் இறந்து மட்குவதன்று. உழவர் அன்று கொண்ட அச்சம் அறியாமை என்றே எண்ணப்பட்டது. முற்றிலும் அறியாமையன்று என்பதைப் பிற்காலம் காட்டிற்று. ஆயினும் கண்ணெதிரே தோட்டம் தோட்டமாக மொட்டையாகி நின்ற ஆண்டில், கையில் வேறு மருந்து இல்லாத நிலையில், நாம் அவரிடத்தில் இருந்திருப்பின் வேறென்ன சொல்லியிருப்போம் என்பதும் எளிதில் விடைகாணத்தக்க வினாவன்று.

சிட்டுக்குருவி விஷயத்திலும் அவர் கடுமையாயிருந்தார். அது தானியத்தைத் தின்பது, புழுவைத் தின்னும் பிற பறவைகளையும் விரட்டுவது என்று சொல்லி, 1897-இல் டெகட்மயர் என்பவரோடு சேர்ந்து அதனைக் கொல்லுமாறு பிரசுரம் வெளியிட்டார். ஜீவகாருண்யமுடையோர் பலர் வெகுண்டெழுந்தனர். அம்மையார் தாம் சேர்த்த கணக்கைக் காட்டினாரேயன்றி இணங்கவில்லை. 1958-இல் சீன தேசத்தில் குருவிகளை நாடு முழுவதும் வேட்டையாடிய பின்னர்ப் பயிர்ப்பூச்சிகள் பெருகிய செய்தியை அறிந்த நாம், இவ்வழக்கில் எதிர்க்கட்சியாருக்கே செவிசாய்க்கின்றோம்.

அவரது துணிவுக்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. நியூட் என்னும் நீர்ப்பல்லி நஞ்சுடையதா என்று அறிய விரும்பி, உயிருள்ள ஒன்றன் முதுகையும் வாலையும் தம் பல்லினாலேயே கவ்விப் பார்த்தார்! வாய் எரிந்து, நுரை தள்ளி, சில மணிநேரம் துன்புற்றார். பின்னர் அதனையும் ஒழுங்காகக் குறிப்பெழுதி வைத்தார். மாணவர்கள் இதனை மட்டும் பின்பற்ற வேண்டா.

1887-இல் உடன்பிறந்தார் இருவரும் செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே 1896-இல் ஜியார்ஜியானா மறைந்தார். அதன்பின் அறிக்கைகளுக்குப் படம் வரைய அக்கை இல்லை. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் நாள் எடின்பரோ சர்வகலாசாலை அம்மையாருக்குச் சட்டப் பேராசான் என்னும் கௌரவப் பட்டத்தை அளித்தது. அச்சர்வகலாசாலை ஒரு பெண்ணுக்கு அளித்த முதற் கௌரவப் பட்டம் அதுவே. இருபத்துநான்காவது அறிக்கை அதற்கு மறு ஆண்டில் வெளிவந்தது, அதுவே கடைசி. 1901-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள் செயின்ட் ஆல்பன்ஸ் இல்லத்திலேயே அவர் உயிர் நீத்தார். அவர் எழுதிவைத்த சுயசரிதக் குறிப்புக்களை எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் வாலஸ் 1904-இல் நூலாக்கினார். அதன் பெரும்பகுதி கடிதங்களே. அரசாங்க உத்தியோகஸ்தருக்கும் அயல்நாட்டு நிபுணருக்கும் எழுதியவற்றோடு, ஒரு பெட்டியில் புழுவை வைத்து இது யாதென்று கேட்ட உழவர்களுக்கு எழுதிய விடைகளும் அவற்றுள் அடங்கும்.