காவியுடைக்குள் ஒரு துவக்கு

பிரதமர் பண்டாரநாயக்கா 1899இல் கொழும்பிற் பிறந்தார், ஒக்ஸ்போர்ட்டிற் பயின்றார், 1956இல் ஆட்சியேறினார். அவ்வாண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தைத் தமிழ் கற்பித்து வாழும் நான் இன்னும் மன்னித்தேனல்லேன். செல்வநாயகத்தோடு 1957இற் செய்த உடன்படிக்கையையும் பிக்குகளின் நெருக்குதலுக்கு அஞ்சி மறு ஆண்டே கைவிட்டார். எனினும் தூக்குத்தண்டனையை நிறுத்திவைத்தவரும் அவரே. அதற்காக அவரை வணங்குகின்றேன்.

அமெரிக்கர் துவக்கை அரசியல் யாப்பு அளித்த உரிமை என்பர். நம் நாட்டிலோ 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அஃது அரசு தரும் அனுமதி மட்டுமே. புத்தளத்துக் காட்டோரக் கமக்காரர் பன்றிக் காவலுக்கு வைத்திருப்பதும் அனுமதிப்பத்திரத்தோடுதான். ஆனால், காவியுடையைச் சோதிக்க யார் துணிவார்?

1959 செப்டெம்பர் 25 காலை, றொஸ்மீட் பிளேஸ் இல்லத்து விறாந்தையில், தம்மைக் காண வந்த கண்வைத்தியர் சோமராம தேரரைப் பிரதமர் குனிந்து வணங்கினார். ஆடைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கி வெளிவந்தது. பித்தனின் செயலென்று ஒதுக்கிவிடுதல் எளிது. நீதிமன்றம் கண்டதோ களனி விகாராதிபதி புத்தரக்கித தேரர் தீட்டிய சதி.

குண்டுபட்ட நிலையிலும் சுட்டவர்மீது இரக்கங்காட்டுமாறு வேண்டிக்கொண்ட பிரதமர், மறுநாள் உயிர்நீத்தார். பின்வந்த அரசு அவ்வாண்டே தூக்குமரத்தை மீட்டது. 1962 ஜூலை 6இல் சோமராம அதில் ஏற்றப்பட்டார்.