நாம் இழந்த சித்திரச் செல்வம்

கலாயோகி ஆனந்த குமாரசாமி 1877-ம் வருஷம் கொழும்பில் பிறந்தார். தந்தை ஸர் முத்துக் குமாரசாமி தமிழர். தாய் ஆங்கில மாது. இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். பூகர்ப்ப சாஸ்திரம் கற்று, இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சி இலாகாவின் தலைவரானார். கல்லைத் தேடிச் சென்றவர் கண்டது, நசித்துவரும் சுதேசக் கைத்தொழில்களை. அதுமுதல் கலையே அவருக்கு வாழ்க்கையாயிற்று.

1910-ல் அலகாபாத் பொருட்காட்சியின் கலைப் பகுதியை ஏற்று நடத்தினார். வடநாடெங்கும் சுற்றிப் பழைய சித்திரங்களைச் சேகரித்தார். ராஜபுத்திர சித்திரம் மொகலாயருடையதினின்று வேறான தனி மரபு என்பதை 1916-ல் இரு பெரும் பாகங்களாக நூலெழுதி நிலைநாட்டினார். காசியில் தேசியப் பொருட்காட்சிசாலை ஒன்று அமைத்தால் தம் சேகரம் முழுவதையும் அதற்களிக்கச் சித்தமாயிருந்தார். பொருளுதவ முன்வந்தாரில்லை. 1917-ல் டென்மன் ராஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அச்சேகரத்தை வாங்கிப் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்துக்கு அளித்தார். குமாரசாமியும் அதன் காப்பாளராய் உடன் சென்றார். முப்பது வருஷம் அங்கேயே உழைத்து, பாரதம் விடுதலை பெற்ற இருபத்தைந்தாம் நாள், 1947 செப்டம்பர் 9-ந் தேதி, அந்நிய மண்ணில் காலமானார்.

அந்நியர் கவர்ந்து சென்ற செல்வங்கள் பல. இதுவோ கொடுக்க வந்தவரிடம் நாம் வாங்க மறுத்தது. தளவாய்புரத்திலாயினும் ராஜபாளையத்திலாயினும், பாட்டன் காலத்துப் படத்தைப் பழம்பொருள் வியாபாரிக்கு எடைபோடும் முன், இந்த ஒரு சரித்திரத்தை நினைப்போமாக.